எண் ஒன்று; படம் பல

எமோசி என்பது சப்பானியச் சொல். ‘எ’ என்பது படம். ‘மோசி’ என்பது எழுத்து. படவெழுத்து எனத் தமிழில் இனிதே வழங்கலாம். ஆங்கில ‘எமோசன்’ என்பதன் வழிவந்ததென்று மேலைநாட்டாருள்ளும் பலர் மயங்குவர், அது பிழை.

1999இல் சப்பானின் தொக்கோமோ நிறுவனத்திற்காகச் சிகெதாகா குரிதா என்பார் 176 படவெழுத்துகளை ஆக்கினார். ஒவ்வொன்றும் நெடுக்கில் 12, குறுக்கில் 12 புள்ளிகளே. அந்நாட்டுப் பிற செல்பேசி நிறுவனங்களோ தத்தமக்கென வேறு குறியெண் வைத்துக்கொண்டன. ஒரு நிறுவனத்தார் விடுத்த படம் மற்றொரு நிறுவனத்தார் கருவியில் தோன்றாது போயிற்று. (1990களில் தமிழ் எழுத்துருக்கள் பட்ட பாடும் இதுவேயன்றோ?) 2010இல் வெளிவந்த ஒருங்குறி 6.0 இப்படங்களுக்குப் பொது எண் தந்தது. அத்துடன் குழப்பம் தீர்ந்ததா? இல்லை.

ஒருங்குறி வரையறுப்பது எண்ணும் பெயருமே. திரையில் படத்தைக் காட்டுவது எழுத்துருக் கோப்பு. அக்கோப்போ கருவியாக்குநர் கையில் உள்ளது. ஆப்பிள் நிறுவனம் நிறப்புள்ளிப் படங்களைக் கோப்பினுள் பொதிந்தது. கூகுளும் அவ்வாறே செய்ததாயினும் பொதிந்த முறை வேறு. மைக்குரோசாப்டு, நிறந்தீட்டிய வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அடோபியும் மொசில்லாவும் கோட்டோவிய முறையை முன்வைத்தன. 2016க்குள் இந்நான்கும் ஓபன்டைப் என்னும் ஒரே பொதுநெறிக்குள் இடம்பெற்றுவிட்டன! ஆதலின் ஒரு கருவிக்கென ஆக்கிய எழுத்துரு, வேறொன்றில் நிறமிழந்து நிற்றலும் வெறுங்கட்டமாய் விழித்தலும் உண்டு.

படம் தோன்றாமை சிறுகுறை; வேறு படம் தோன்றுதலே பெருங்கேடு. துமுக்கிப் (துப்பாக்கி) படவெழுத்தைக் காண்க. 2016இல் ஆப்பிள் அதனை நீர்பீச்சும் விளையாட்டுக் கருவியாக மாற்றிற்று. அதே ஆண்டில் மைக்குரோசாப்டு, அதுவரை வைத்திருந்த விளையாட்டுத் துமுக்கியை நீக்கி மெய்யான சுழல்துமுக்கியை வைத்தது. ஒருவன் நண்பனுக்கு வேடிக்கையாய் விடுத்த நீர்பீச்சி, அந்நண்பனின் கணினியில் கொலைக்கருவியாய்ச் சென்று நின்றது. எண் மாறவில்லை, எழுதியவனும் எதையும் மாற்றவில்லை. எழுத்துருவை மாற்றியதும் முன்னெழுதிய மடல்களிலும் படம் தானே மாறிக்கொண்டது. 2018இல் பிற நிறுவனங்களும் நீர்பீச்சிக்கு வந்தன. 2024இல் எக்சு தளத்தார் மீண்டும் மெய்த்துமுக்கிக்கே திரும்பினர்.

அகரத்தைத் தடிப்பாய் அச்சிடினும் சாய்த்து அச்சிடினும் அகரமே. ஒரு சொல்லின் பொருள் மாறத் தலைமுறைகள் வேண்டும். மாற்றுவோரும் அதனைப் பேசும் மக்களே. படவெழுத்தின் பொருளையோ ஒரு நிறுவனம் ஓரிரவில் மாற்றுகிறது. இரங்கலையும் வாழ்த்தையும் சொல்லால் எழுதாது படத்தால் விடுப்போர் இதனை எண்ணுவதில்லை.

கொடியின் கதை இன்னும் நகைப்பிற்குரியது. நாட்டுக்கொடிகளுக்கு ஒருங்குறி தனித்தனி எண் வைக்கவில்லை. நாட்டைச் சுட்டும் இரண்டு இலத்தீன் எழுத்துக் குறிகளை இணைத்தே கொடி காட்டப்பெறுகிறது. விண்டோசு 10இன் எழுத்துருவில் கொடிப்படங்கள் வைக்கப்பெறாமையால், இந்தியக் கொடியென விடுத்தது ஐ, என் என்னும் இரண்டு எழுத்துகளாகவே சென்று சேர்ந்தது.