தோட்டா துளைக்காத உடம்பும் மிதக்கும் சிறைகளும்

சூப்பர்மேன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். எதிரே இருப்பவன் சுடுகிறான். தோட்டா பட்டுத் தெறித்துக் கீழே விழுகிறது. 1938-ல் முதல் காமிக்ஸ் வந்த காலத்திலிருந்து உலகம் ரசித்துவரும் சமாச்சாரம் இது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.. இதில் வீரம் எங்கே இருக்கிறது? குடை பிடித்தவன் மழையில் நடப்பதற்கு யாராவது கைதட்டுவார்களா?

1943-ல் வானொலித் தொடரில் கிரிப்டோனைட் என்ற கல் வந்தது. அது பக்கத்தில் இருந்தால் சூப்பர்மேனும் நம்மைப் போலத் துவண்டு போவார். கதை சூடு பிடிப்பதே அங்கேதான் என்பேன்.

சரி, அடிபடாத வில்லன்கள் இருந்தால் அவர்களை எங்கே அடைப்பது? அதற்கு மார்வெல் காமிக்ஸ் கண்டுபிடித்த விடை 'ராஃப்ட்' என்ற சிறை. 2016-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் அது நடுக்கடலில் மூழ்கி எழும் இரும்புக் கோட்டை. இவ்வளவு பலசாலிகளுக்குத் தரை போதாது, கடல்தான் சரி என்கிறது படம். நாமும் தலையாட்டி விடுகிறோம்.

நிஜத்தில் தண்ணீர் மேல் அடைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா?

1776-ல் அமெரிக்கக் காலனிகளில் போர் நடந்ததால், பிரிட்டனால் தன் குற்றவாளிகளை அங்கே கப்பலேற்ற முடியவில்லை. சிறைகள் நிரம்பி வழிந்தன. பழைய கப்பல்களைத் தேம்ஸ் நதியில் நிறுத்தி அதில் அடைத்தார்கள். அதிலே இருந்தவர்களில் ஏராளமானோர் சில்லறைத் திருடர்கள். இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லிப் போட்ட சட்டம் அது. கடைசிக் கப்பலுக்கு முடிவு வந்தது 1857-ல்! ஆக, 'தற்காலிகம்' 81 வருடம் நீடித்தது.

அதே போரில் நியூயார்க்கின் வாலபௌட் வளைகுடாவில் பிரிட்டிஷார் நிறுத்திய கப்பல் 'ஜெர்சி'. பழைய போர்க்கப்பல். பிடிபட்ட அமெரிக்க மாலுமிகள் ஆயிரம் பேருக்கு மேல் அதில் அடைபட்டுக் கிடந்தார்கள். அம்மை, வயிற்றுக்கடுப்பு, பசி. தினமும் காலையில் பிணங்களை எடுத்துக் கரை மணலில் புதைப்பார்கள். அங்கிருந்த சிறைக்கப்பல்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 11,500 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தப் போரின் சண்டைக்களங்களில் செத்த அமெரிக்கர்களை விட இது அதிகம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் சிறை நெரிசலைச் சமாளிக்க 1992-ல் ஒரு மிதக்கும் சிறையைத் திறந்தார்கள். சுமார் 800 பேரை அடைக்கலாம். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அதுவும் தற்காலிகம்தான் என்றார்கள். மூடியது 2023-ல். வேடிக்கை என்னவென்றால், அது நின்றது ரைக்கர்ஸ் தீவுக்கு எதிர்க்கரையில். காமிக்ஸில் ராஃப்ட் இருப்பதும் அந்தத் தீவை ஒட்டித்தான்!

ஆக, கைதி பலசாலி என்பதற்காக யாரும் கடலைத் தேடிப் போகவில்லை. தரையில் இடமில்லை, புதுச் சிறை கட்ட மனமில்லை, உள்ளே இருப்பவனுக்காகக் கேட்க ஆளில்லை. அவ்வளவுதான் விஷயம். சிறையில் இருப்பவனைப் பயங்கரமானவனாகக் காட்டும் கதைகள், அவனும் காய்ச்சலில் சாகக்கூடிய சாதாரண உடம்பு என்பதை நமக்கு மறக்கடிக்கின்றன. என் கோபம் அதன்மேல்தான்.

இன்னொன்று. ஜெர்சியில் கிடந்தவர்களுக்கு ஒரு வழி திறந்தே இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்துவிட்டால் விடுதலை, சாப்பாடு, உயிர். பெரும்பாலோர் மாட்டேன் என்றார்கள். அம்மை வந்தால் சாவோம் என்று நன்றாகத் தெரிந்தே சொன்னார்கள். அவர்களுடைய எலும்புகள் இன்று புரூக்ளினில், 1908-ல் திறந்த ஒரு நினைவுத் தூணின் அடியில் இருக்கின்றன.

ஹீரோ யார் என்று என்னைக் கேட்டால், நான் காட்டுவது அந்தத் தூணைத்தான்.