ஓசிப் பேப்பர்



முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் பேப்பர் பிடிஎஃப் போட்டு வந்தவன் நான்தான். சந்தா கட்டிப் படிக்க வேண்டிய பேப்பர் அது. எனக்கு யாரோ அனுப்புவார்கள், நான் உங்களுக்கு அனுப்புவேன். நீங்களும் "நன்றி சார்" என்று கும்பிடு போடுவீர்கள். இன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

போன வாரம் கோயில் வாசலில், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவரைப் பார்த்தேன். இப்போது நிருபர். "சார், நாங்க வெயில்ல அலைஞ்சு எழுதுறதை நீங்களே சும்மா கொடுத்துட்டா எங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து சார் வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சுருக்கென்றது. பரீட்சையில் பார்த்து எழுதினால் காதைத் திருகியவன் அல்லவா நான்!

"டீக்கடையில் ஒரு பேப்பரை முப்பது பேர் படிக்கவில்லையா சார்?" என்பீர்கள். படித்தோம். நானே முடிவெட்டும் கடை பெஞ்சில் தினத்தந்தியை எழுத்துக்கூட்டி வளர்ந்தவன். ஆனால் அந்தப் பேப்பரைக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கினார். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வாங்கினார்கள். இப்போது எங்கோ ஒருவர் வாங்குவது ஆயிரக்கணக்கான பேருக்குப் போகிறது.

அந்தக் காலத்திலும் நாம் கொடுத்த விலை செலவுக்குக் காணாது. மீதியை விளம்பரம் தாங்கியது. இப்போது அந்த விளம்பரப் பணம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது. படிப்பவனும் காசு தராவிட்டால், பத்திரிகை அரசாங்க விளம்பரத்தையும் பெரிய கம்பெனிகளையும்தான் நம்பி நிற்கும். அப்புறம் நம் ஊர்க் குடிதண்ணீரையும் விசைத்தறிக் கூலியையும் துணிந்து எழுத யார் இருப்பார்கள்?

நியூயார்க் டைம்ஸ் 2011-இல் இணையப் பதிப்புக்குக் கட்டணம் வைத்தது. இங்கே விகடனும் இந்துவும் சந்தா கேட்கின்றன. கேட்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிடவும் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதிரி நேரத்துச் செய்தி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். கொரோனா வந்தபோது நியூயார்க் டைம்ஸே அந்தச் செய்திகளை இலவசமாகக் கொடுத்தது.

தறிக்கூலியில் பிழைக்கும் குடும்பம் சந்தாவுக்கு எங்கே போகும்? அதற்கும் வழி இருக்கிறது. 1948-லேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அச்சுப் பேப்பரை வாங்கிப் போடும் நூலகம், இணையச் சந்தாவையும் வாங்கி உறுப்பினர்களுக்குத் திறந்துவிடட்டும். இதை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம்.

நேற்றுப் பேரன் உதவியோடு ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டிவிட்டேன். சம்பாதிக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாவது கட்டுங்கள். எந்தப் பத்திரிகை என்பது உங்கள் இஷ்டம். முடியாதவர்கள் கூச்சப்படாமல் நூலகத்துக்கு வாருங்கள். காலையில் நான் அங்கேதான் இருப்பேன். பேசிக்கொண்டே படிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் சார்,
சங்கரன்கோவில்