காதில் ஒன்றுமில்லை

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது பழமொழி. அதில் காதுவலியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். பகலெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கும் அந்த வலி, இரவில் தலையணையில் தலை சாய்த்ததும் தன் சுயரூபத்தைக் காட்டும். உடனே வீட்டில் வைத்தியம் ஆரம்பமாகிவிடும். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் காதில் விடச் சொல்வார் ஒருவர். குளிர்காற்றுப் பட்டிருக்கும், துணியைக் கட்டிக்கொள் என்பார் மற்றொருவர். "வியாதி காதில்தான் இருக்கிறதா?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

அக்கேள்வியைக் கேட்க எங்கள் குடும்பம் மறந்துபோன கதையைச் சொல்கிறேன்.

என் பெரியப்பா தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வெற்றிலையும் புகையிலையும் அவருக்கு இரண்டு கண்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு வலக் காதில் வலி கண்டது. முதலில் பூண்டெண்ணெய், பிறகு மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்து. கடைசியில் ஒரு டாக்டரிடம் போனார். அவர் காதினுள் விளக்கு வைத்துப் பார்த்து, "காதில் ஒன்றுமில்லை, வலி நிற்காவிட்டால் மறுபடியும் வாருங்கள்" என்றார். பெரியப்பா வீட்டிற்கு வந்து, "எனக்கு ஒன்றுமில்லையாம்!" என்று அறிவித்தார். எங்களுக்கும் மகிழ்ச்சி. 'காதில்' என்ற ஒரு சொல் வழியில் விழுந்துவிட்டதை எவரும் கவனிக்கவில்லை. அந்தச் சொல்லுக்காக நாங்கள் கொடுத்த விலை மூன்று மாத காலம்.

அதற்குள் சோறு விழுங்கும்போது தொண்டை உறுத்தலாயிற்று. காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் காதைப் பார்த்துவிட்டு, "வாயைத் திறவுங்கள்" என்றார். நாக்கின் அடிப்பாகத்தில் புற்றுநோய் இருந்தது.

நாக்கில் நோய் இருக்கக் காது வலிப்பானேன்? மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. அவற்றுள் ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது ஆகிய நான்கின் கிளைகளும், கழுத்திலிருந்து வரும் நரம்புக் கிளைகளும் காதில் வந்து கூடுகின்றன. ஐந்தாவது நரம்பே பற்களுக்கும் தாடைக்கும் உரியது. ஒன்பதாவது நாக்கின் அடிப்பகுதிக்கும் டான்சில் சதைக்கும் போவது. பத்தாவது குரல்வளைக்குச் செல்வது. காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருகிறதே, அது இந்தப் பத்தாவது நரம்பின் வேலைதான். வகுப்பில் பின் பெஞ்சுப் பையன் குறும்பு செய்ய, முன் பெஞ்சுப் பையன் பழி ஏற்பதை நான் நாள்தோறும் காண்கிறேன். மூளை என்னும் உபாத்தியாயரும் அப்படியே ஏமாந்து, தொண்டையின் குற்றத்தைக் காதின் மேல் சுமத்திவிடுகிறார்.

இதைக் கேட்டு யாரும் பீதியடைய வேண்டாம். இவ்விதக் காதுவலிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சொத்தைப் பல், தாடை மூட்டு, தொண்டைப் புண், கழுத்துப் பிடிப்பு போன்ற சாதாரண விஷயங்களே. மெல்லும்போது வலி மிகுந்தால் பல்லையோ தாடை மூட்டையோ சந்தேகிக்கலாம். தலையைத் திருப்பும்போது மிகுந்தால் கழுத்தைச் சந்தேகிக்கலாம். எதுவாயினும், காதில் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். செவிப்பறையில் துளை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கித் தீங்கு செய்யும். துளை இருப்பதோ வெளியிலிருந்து தெரியாது.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. காதுவலியோடு காய்ச்சலும் கண்டு, காதின் பின்புறம் வீங்கிச் சிவந்தால். முகம் ஒரு பக்கமாகக் கோணினால். ஒரு காது திடீரென்று கேளாமற்போனால். நீரிழிவுள்ளவருக்குக் காதில் சீழ் வடிந்து, தூக்கத்தைக் கலைக்கும் வலியும் இருந்தால், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தலைவலி இடிபோல் ஒரு நொடியில் உச்சத்தை அடைந்தாலும், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலும், நினைவு தடுமாறினாலும் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி கண்டு, மெல்லும்போது தாடை நொந்து, பார்வையும் மங்கினால், அதுவும் அவசரமே. தாமதித்தால் கண்ணே போய்விடக் கூடும்.

இவையொன்றும் இல்லாமல், காதும் சுத்தமாக இருந்து, வலி மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் என்ன செய்வது? "காதில் ஒன்றுமில்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது?" என்று டாக்டரைக் கேளுங்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, ஆறாத வாய்ப்புண் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்திருந்தாலும், மூன்று வாரத்துக்கு மேல் பொறுப்பது பொறுமையாகாது, பேதைமையே ஆகும்.

பெரியப்பாவுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது, உயிர் பிழைத்தார். ஆனால் தெருக்கோடி வரை கேட்ட அந்தப் பழைய குரல் திரும்பவில்லை. முன்னதாகவே வந்திருந்தால் நோய் இவ்வளவு வளர்ந்திராது என்று நிபுணர் சொன்னது இன்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

வெற்றிலைப் பெட்டி பரணுக்கு ஏறிவிட்டது. யாரேனும் காதைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு வந்தால், பெரியப்பா தம் கம்மிய குரலில் முதலில் சொல்வது, "எங்கே, வாயைத் திற, பார்க்கலாம்" என்பதுதான்.