காது சும்மாத்தானே இருக்கு!

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தேன். தங்கியது ஏனாத்தூரில் நண்பர் வீட்டில். காலையில் காபி குடித்துவிட்டுத் தெருவில் நடந்தால், ஒரு வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும் பெரியவர், குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் கோர்வைக்கு ஒரு பையன். அலமாரியில் ரேடியோ. அதில் ஒரு பெண், போனில் வந்த யாரோ ஒருவரிடம் 'இன்னிக்கு உங்க வீட்ல என்ன சாம்பார்?' என்று கேட்டு, பதில் வருவதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தார்.

''என்னங்க ஐயா கேக்கறீங்க?'' என்றேன்.

''எங்க சார் கேக்கறது? அது பாட்டுக்கு ஓடுது. முன்னெல்லாம் நாடகம் போடுவான். ஒரு நாடகம் முடிஞ்சு பார்த்தா நாலு விரக்கடை நெசவு ஏறியிருக்கும், நமக்கே தெரியாது. கண்ணு தறியில இருக்கணும். கையும் காலும் தறியில இருக்கணும். காது சும்மாத்தானே சார் இருக்கு?''

வானொலி நாடகம் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால், இனிமேல் இதைத்தான் சொல்லப் போகிறேன். தறி நெய்கிறவர், லாரி ஓட்டுகிறவர், அடுப்படியில் நிற்கிறவர், ராத்திரி வாட்ச்மேன், பார்வையில்லாதவர். இத்தனை பேருக்கும் கண் வேறு வேலையில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. காது மட்டும் சும்மா இருக்கிறது. அந்தக் காதில் நாம் என்ன ஊற்றிக்கொண்டிருக்கிறோம்? சாம்பார்.

எஃப்.எம். நண்பர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ''சார், இது விஷுவல் யுகம். படம் இல்லாம நாடகத்தை யார் கேப்பாங்க?''

நீங்களே சொல்லுங்கள். 1984-ல் 'விதி' படம் வந்தபோது, அதன் கோர்ட் காட்சி வசன கேசட் ஓடாத டீக்கடை தமிழ்நாட்டில் உண்டா? கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனத்தை முழுசாகக் கேட்டு, நக்கீரனும் தருமியும் பேசியதை மனப்பாடமாக ஒப்பித்த தலைமுறை அல்லவா நாம்? காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம். ஒரே ஒரு ஆள் குரலை மாற்றி மாற்றிக் கதை சொல்ல, பந்தலில் துண்டை விரித்துக் கண்ணை மூடிப் படுத்துக் கேட்பார்கள். இன்றைக்கு 'பொன்னியின் செல்வன்' ஒலிநூலை செல்போனில் கேட்டுக்கொண்டே ஜனங்கள் வாக்கிங் போகிறார்கள். காதால் நாடகம் பார்க்கத் தமிழனுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. போடத்தான் ஆளில்லை.

* * *

தனியாரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. ஆகாசவாணிக்கும் ஒரு பங்கு உண்டு.

சென்னை நிலையம் ஆரம்பித்தது 1938 ஜூனில். திருச்சி அடுத்த வருஷம். தி.ஜானகிராமனும் அகிலனும் வேலை பார்த்த நிறுவனம் அது. 1960-களில் தஞ்சை விவசாயிகள் ஏடிடி-27 என்ற புது நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். ரேடியோவில் கேட்டுத்தானே விதைத்தார்கள்! ஜனங்கள் அந்த அளவுக்கு நம்பிய ஒரு குரல், நாடகம் என்ற பெயரில் கடைசியில் எங்கே போய் நின்றது தெரியுமா?

''வாங்க முருகேசன், ஏன் கவலையா இருக்கீங்க?''

''பயிர்ல பூச்சி விழுந்துடுச்சுங்க கந்தசாமி.''

''கவலைப்படாதீங்க. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகினால் தக்க ஆலோசனை கிடைக்குமே!''

''அப்படியா? இது எனக்குத் தெரியாமப் போச்சே!''

உடனே வீணை இசை. இது நாடகமா? துண்டறிக்கைக்கு வேட்டி கட்டி விட்டிருக்கிறார்கள். இப்படி எத்தனை ஆயிரம் முருகேசன்கள், எத்தனை ஆயிரம் கந்தசாமிகள்! நல்ல நாடகமும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சத்தத்தில் அது அமுங்கிவிட்டது.

பிரச்சாரம் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. தாராளமாகச் செய்யலாம். இங்கிலாந்தில் பி.பி.சி. 1951 முதல் நாடு முழுக்க ஒலிபரப்பி வரும் 'தி ஆர்ச்சர்ஸ்' தொடர், விவசாயிகளுக்கு விளைச்சலைப் பெருக்கும் வழி சொல்லத்தான் ஆரம்பித்தது. இன்னும் ஓடுகிறது. அவ்வளவு தூரம் ஏன், 1996-97-ல் நம் ஆகாசவாணியே இந்தியில் 'தின்கா தின்கா சுக்' என்று 104 பகுதிகள் போட்டது. அதில் பூனம் என்ற புது மணப்பெண் வரதட்சணைக் கொடுமை தாங்காமல் செத்துப் போகிறாள். உத்தரப்பிரதேசத்தில் லுட்சான் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, இனி வரதட்சணை வாங்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்தும் கைநாட்டுமாகப் போட்டு வானொலிக்கு அனுப்பினார்கள்.

வரதட்சணை தப்பு என்று பூனம் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. அவள் செத்தது ஊருக்கு வலித்தது. முருகேசனுக்குப் பூச்சி மருந்து கிடைக்காவிட்டால் உங்களுக்கு வலிக்குமா?

* * *

நம்மவர்கள் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான். சரித்திரம், சிரிப்பு, திகில், குடும்பம் எதுவானாலும் மேடை நாடகத்தை மைக் முன்னால் வைத்து வாசிப்பது. நடுவில் ஒரு கதவுச் சத்தம், ஒரு வீணை.

ரேடியோ நாடகம் எழுத உட்காருபவர் முதலில் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'இந்தக் கதையில் கண்ணை மூடிக்கொள்வதால் என்ன லாபம்?' லாபம் இல்லை என்றால் அதை மேடைக்கு அனுப்பிவிடலாம். 1924 ஜனவரியில் பி.பி.சி.க்காக ரிச்சர்ட் ஹ்யூஸ் எழுதிய நாடகம், ரேடியோவுக்கென்றே எழுதிய முதல் நாடகங்களில் ஒன்று. கதை நடக்கும் இடம் நிலக்கரிச் சுரங்கம். எடுத்த எடுப்பில் விளக்கு அணைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பாத்திரங்களும் குருடு, கேட்பவரும் குருடு. ஆள் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டார் பாருங்கள். 1938 அக்டோபரில் ஆர்சன் வெல்ஸ் அமெரிக்காவில் செவ்வாய் கிரகத்து ஆட்கள் இறங்கிய கதையைச் செய்தி அறிக்கை மாதிரியே போட்டாரே, அதுவும் இதே கெட்டிக்காரத்தனம்தான். அதை நிஜச் செய்தி என்று நம்பிக் கலங்கியவர்களும் உண்டு.

உதாரணத்துக்கு நம்ம மாவட்டத்திலேயே ஒன்றை எடுத்துக்கொள்வோமே. உத்திரமேரூர் கல்வெட்டு. பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த குடவோலை. 'உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்' என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். இதை வைத்து ஒரு நாடகம் போடு என்றால் என்ன வரும்? 'மன்னர் மன்னா!' என்று எதிரொலியோடு ஒரு குரல்.

அதே விஷயத்தில் மூன்று நாடகம் இருக்கிறது.

முதலில் சிரிப்பு. கல்வெட்டுப்படி, பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? மாமனார், மருமகன், மைத்துனன், சித்தி மகன், பெரியம்மா மகன், அக்கா புருஷன் யாருமே நிற்க முடியாது. ஒரு ஆள் கணக்குக் கொடுக்காததால் பதவி போன அத்தனை சொந்தமும் ஒரே வீட்டில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? சிரிப்பு நாடகத்துக்கு வேகம்தான் உயிர். ஆனால் கேட்பவருக்கு யார் பேசுவது என்று குழம்பக் கூடாது. ஆகவே கூட்டத்தில் நாலு குரல் போதும்: ஒரு இருமல்காரர், ஒரு திக்குவாய் அவசரக்காரர், ஒரு கீச்சுக்குரல், நடுவில் கணக்குத் தராத கதாநாயகன்.

அடுத்தது திகில். குலுக்கலுக்கு முந்தின ராத்திரி, மண்டபத்தில் குடம் தனியாக இருக்கிறது. ஒருவன் உள்ளே நுழைந்து ஓர் ஓலையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடப் பார்க்கிறான். இதற்கு இசையே வேண்டாம். மூச்சு. ஓலை உரசும் சத்தம். பிறகு மௌனம். எங்கோ ஒரு காலடி. நம் இயக்குநர்கள் மௌனம் என்றால் டிரான்ஸ்மிட்டர் ரிப்பேர் என்று பயந்து வயலினை விட்டுவிடுகிறார்கள். திகிலுக்கு மௌனத்தை விடப் பெரிய வாத்தியம் கிடையாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அந்தக் குடத்தில் யார் பெயர் போடலாம்? கால் வேலிக்குக் குறையாமல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேத சாஸ்திரப் படிப்பும் உள்ள, 35-லிருந்து 70 வயதுக்குள்ளான ஆண். அது பிராமணர்களின் சபை. பெண் பெயர் கிடையாது. நிலத்தில் உழுதவர் பெயர் கிடையாது. மண்டபச் சுவருக்கு வெளியே ஒரு கூலிக்காரப் பெண் நிற்கிறாள் என்று வையுங்கள். உள்ளே பெயர் வாசிப்பது அவளுக்குக் கேட்கிறது. எதையும் பார்க்க முடியாது. ஏரி வாரியத்துக்கு யார் வருகிறார்கள் என்பதில் அவள் குடிக்கும் தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு பெயராகக் காதைத் தீட்டிக் கேட்கிறாள். ரேடியோவில் நாமும் அவளோடு சுவருக்கு வெளியே நிற்கிறோம். இந்த நாடகத்தை சினிமாவாக எடுத்தால் கேமரா உள்ளே போய்விடும். ரேடியோ போகாது. அதுதான் அதன் பலம்.

பெருமை பேசுவதற்கும் கணக்குக் கேட்பதற்கும் ஒரே கல்வெட்டு போதும். எந்தக் காதால் கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

* * *

''எல்லாம் சரி சார், ஸ்பான்சர் எங்கே?''

இலங்கையைப் பாருங்கள். இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடர் நாடகத்துக்குக் காசு கொடுத்தது மக்கள் வங்கி. ராமதாஸ் குழுவின் கோமாளிகள் நாடகம் ரேடியோவில் சக்கைப்போடு போட்டு, 1976-ல் 'கோமாளிகள்' என்று சினிமாவாகவே வந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் கொழும்புப் பேச்சும் ஒன்றையொன்று காதால் தெரிந்துகொண்டது அந்த நாடகங்களில்தான். நமக்கு மதுரைக்காரர் என்றால் காமெடியன், கோவைக்காரர் என்றால் 'ஏனுங்க'. அதோடு சரி.

நாலு நடிகர், ஒரு ஸ்டுடியோ, ஒரு நல்ல எழுத்தாளர். ஒரு டி.வி. சீரியலில் கதாநாயகியின் புடவைச் செலவில் மாதம் முழுக்க ரேடியோ நாடகம் போடலாம். அந்தப் புடவையை நெய்தவர் அதைக் கேட்கவும் செய்வார்!

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ஏரி, குளம் மாதிரி அதுவும் நம்முடையது. லைசென்ஸ் வாங்கியவர்கள் குத்தகைக்காரர்கள். குத்தகைக்காரரிடம் வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம் கேட்பது பிச்சை அல்ல. லைசென்ஸ் விதிமுறைகளில் அதை அரசு ஒரு வரியாகச் சேர்த்தால் என்ன குடிமுழுகிப் போகும்? கல்லூரிகள் நடத்தும் சமுதாய வானொலிகளுக்கும் சொல்கிறேன். 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த அந்த இயக்கம் பெரிய நிலையங்களின் தொகுப்பாளர்களைக் காப்பியடிப்பதற்காக வந்தது அல்ல. மாணவர்களை உத்திரமேரூருக்கு அனுப்புங்கள், கையில் ரெக்கார்டரோடு.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை எஃப்.எம்.மிலிருந்து உங்களிடம் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டால், 'பாட்டு வேண்டாம், நாடகம் எப்போ போடுவீங்க?' என்று கேளுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நூறு பேர் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

ஏனாத்தூரிலிருந்து கிளம்பும்போது அந்த வீட்டைக் கடந்தேன். ரேடியோ நின்றிருந்தது. தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.