பன்னாட்டுக் கல்வி ஆரணிக்கு எட்டாததா?

ஆரணியில் பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. "இங்கேயே படிச்சா காலேஜ்ல போய் முழிப்பான். வேலூர்லயோ சென்னையிலயோ இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேர்த்தாத்தான் நாளைக்கு வெளிநாடு போக முடியும்." கடன் வாங்கியாவது சேர்த்துவிடத் துடிக்கும் பெற்றோரின் அக்கறையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர்களை நம்பவைத்திருக்கும் கருத்து பிழையானது. உலகப் பார்வையோடு கல்லூரிக்குத் தயாராக அயல்நாட்டுப் பாடத்திட்டம் வேண்டும், மாநிலப் பாடம் படிக்கும் நெசவாளர் ஊர்ப் பிள்ளைக்கு அது ஆகாது என்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெயர்ப் பலகை. 'இன்டர்நேஷனல்' என்று பலகை மாட்டிய பள்ளிகளில் பல, சிபிஎஸ்இ பாடத்தை நடத்துபவைதான். உண்மையான பன்னாட்டுத் திட்டம் என்றால் 1968இல் ஜெனீவாவில் உருவான இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்டை, சுருக்கமாக ஐ.பி.யைச் சொல்லலாம். இந்தியாவில் அதை முதலில் எடுத்துக்கொண்டது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976இல். ஐ.பி. டிப்ளமோ மாணவர் ஆறு பாடங்களோடு, தானே தேர்ந்த கேள்வியை ஆராய்ந்து 4,000 சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுதவேண்டும். தன் வீட்டு மொழியின் இலக்கியத்தை முதன்மைப் பாடமாகப் படிக்கவும் அந்தத் திட்டம் இடம் தருகிறது. அந்த மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் தானே படித்துத் தேர்வெழுதும் ஏற்பாடுகூட உண்டு. வளாகத்துக்குள் தமிழ் பேசினால் தண்டிக்கும் பள்ளி, எந்தப் பலகை மாட்டியிருந்தாலும், இந்தக் கல்வியின் அடிப்படைக்கே எதிரானது.

அடுத்து, பட்டு நெசவு ஊரில் உலகம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது. சீனப் பட்டின் விலை அசைந்தால் இங்கே நூல் விலையும் அசைகிறது. 2011 மத்திய பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறக்கினார்கள். பட்டுக்கூடு விற்கும் கர்நாடக விவசாயிக்கு அது அடி. நூல் வாங்கிப் பாவு போடும் ஆரணி நெசவாளருக்கு? இருவருக்கும் நியாயமான வரி எவ்வளவாக இருக்கவேண்டும்? 11ஆம் வகுப்புப் பொருளியலுக்கு இதைவிட நல்ல வினா எந்த நாட்டுப் பாடநூலில் கிடைக்கும்?

தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். 1804 வாக்கில் பிரான்சின் பட்டு நகரமான லியோனில் பிறந்தது அது. அதில் ஓடும் அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. இந்த அட்டை முறையைத்தான் சார்ல்ஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்தின் வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்டார். இரும எண் நடத்தும் கணினி அறிவியல் ஆசிரியர் மாணவர்களைப் பக்கத்துத் தெருத் தறிக்குக் கூட்டிப்போனால் போதும். சாயம் ஏற்றுமுன் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பட்டின் பசையை எடுக்கிறார்கள். அந்தப் பசை செரிசின் என்ற புரதம். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடுகிறது. அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டால் வேதியியல் வகுப்பு நகராட்சி மன்றம் வரை நீளும். வரலாற்றுக்கும் வெளியே போகவேண்டியதில்லை. 1751இல் ஆங்கிலேயரான கிளைவின் படையும் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு வந்த படையும் மோதியது இந்த ஆரணியில்தான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். நெசவாளர் பிள்ளையை மறுபடி தறியிலேயே கட்டிப்போடப் பார்க்கிறீர்களா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை, அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற அந்தக் குலக்கல்வியைத் தமிழ்நாடு எதிர்த்து விரட்டியது. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு இன்றும் சரியே. நான் கேட்பது வேறு. அரிசி ஆலைக்காரர் மகளும் தையல்காரர் மகனும் நெசவாளர் பிள்ளையும் ஒரே வகுப்பில் தறியை ஆராயவேண்டும். யாரும் தறியில் உட்காரவேண்டியதில்லை. கூலி ஏன் இவ்வளவு, விசைத்தறி ஏன் வந்தது, லாபம் யாரிடம் தங்குகிறது என்று கேட்கப் பழகிய பிள்ளையை எந்தத் தொழிலிலும் யாரும் கட்டிப்போட முடியாது.

கல்லூரிக்குத் தயாராவது என்றால் கட்-ஆஃபும் நீட் பயிற்சியும்தான் என்று சொல்பவர்களுக்கு ஒரு நிகழ்ந்த கதை. தனியார் பள்ளிகள் பல 11ஆம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டு மனப்பாடம் செய்யவைத்தன. மதிப்பெண் குவிந்தது. பொறியியல் முதலாண்டில் அதே மாணவர்கள் அடிப்படை தெரியாமல் திணறினார்கள். அதனால்தான் 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. இடம் வாங்கித் தருவது ஒன்று, அங்கே போய் நிலைக்கவைப்பது இன்னொன்று. கேள்வி எழுப்பவும், தரவு திரட்டவும், நாலு பக்கம் சொந்தமாக எழுதவும் தெரிந்தவரே நிலைக்கிறார்.

ஆங்கிலம் ஒரு தடை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ் வழியில் படித்தவர் முதலாண்டு வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவது உண்மை. ஐ.பி. பள்ளியின் சிறிய வகுப்பு அரசுப் பள்ளியில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் வழி அடைபடவில்லை. மேல்நிலைப் பாடங்களுக்கு அகமதிப்பீடாக ஏற்கெனவே 10 மதிப்பெண் இருக்கிறது. வருகைப் பதிவுக்கும் ஒப்புக்கு எழுதும் செயல்திட்டத்துக்கும் அது கரைகிறது. அதில் ஒரு பங்கை ஆய்வுக் கட்டுரைக்கு ஒதுக்கலாம். ஒரே ஒரு பாடத்தில், தமிழில் ஆயிரம் சொல், ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம், பிறகு வகுப்பின் முன் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடப் பேச்சு. தானே தேடிய விஷயத்தைச் சொல்லும்போது மொழிக் கூச்சம் குறையும்.

2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை மறுபடி நீக்கிவிட்டது. பழைய குதிப்பு திரும்பி வரலாம், இல்லை அந்த ஆண்டு ஆய்வுக்குக் கிடைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆரணிப் பெற்றோர் இரண்டு கேள்வி கேட்கட்டும்: 11ஆம் வகுப்புப் பாடத்தை முழுதாக நடத்துகிறீர்களா? இந்த ஆண்டு என் பிள்ளை சொந்தமாக எழுதிய கட்டுரை எது, காட்டுங்கள்.