ஒன்பது மணி என்றால் யாருடைய ஒன்பது மணி?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

நம் மாலை வகுப்புக் குழுவில் பத்து நாளாக நடக்கும் வாக்குவாதம் உங்களில் பலருக்குத் தெரியும். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்குக் கடைசி நாளை நினைவூட்டும் குறுஞ்செய்தி இந்த முறை வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளையின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். "மெசேஜ் வரும்னு சொன்னாங்க சார், வரலை, அதனால இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சோம்" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை.

அந்தத் தேர்வில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும். எழுதியிருந்தால் தேறியிருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பே போய்விட்டது என்பதுதான் விஷயம்.

குழுவில் இப்போது இரண்டு கட்சி. இந்த ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம், பழையபடி வீட்டு வாசலுக்குப் போவோம் என்கிறது ஒன்று. எழுதிக் கொடுத்த தம்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது இன்னொன்று. அந்தத் தம்பி பெங்களூரில் வேலை முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, ஒரு பைசா வாங்காமல் எழுதிக் கொடுத்தவர். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கே தடம் புரண்டது என்று அவரும் நானும் போனில் நான்கு இரவு தேடினோம். கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பிழை தேடுவது என்பது விடையிலிருந்து பின்னோக்கி நடப்பதுதான். அதை முப்பது வருஷம் கரும்பலகையில் செய்தவன் நான்.

முதல் கோளாறு தேதியில். கடைசி நாட்களை ஒரு அட்டவணையில் நாம் எழுதும் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்று நிரப்பியிருந்தார்கள். அட்டவணை மென்பொருளின் அமைப்போ அமெரிக்க வழக்கம்: மாதம் முதலில், நாள் அடுத்து. 5/6 என்பது நமக்கு ஜூன் 5, அதற்கு மே 6. நாள் 13 அல்லது அதற்கு மேல் என்றால் அது மாதமாக இருக்க முடியாது, ஆகவே குழப்பம் உடனே வெளியே தெரிந்துவிடும். 12 வரை உள்ள நாட்களில்தான் ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 மாதம், ஒவ்வொன்றிலும் 12 நாள், ஆக 144 தேதிகளை இரண்டு விதமாகவும் படிக்கலாம். அதில் 1/1, 2/2 போன்ற 12 தேதிகள் எப்படிப் படித்தாலும் ஒன்றே. மீதி 132 நாட்கள் சத்தமே இல்லாமல் தப்பான மாதத்துக்குப் போய்விடும். நம் நினைவூட்டலும் அப்படித்தான் பல மாதம் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்கிரிப்டின் பார்வையில் எல்லாம் சரி. அது பிழை என்றே நினைக்கவில்லை.

இரண்டாவது, கடிகாரம். ஸ்கிரிப்ட் ஓடுவது வெளிநாட்டில் எங்கோ இருக்கும் சர்வரில். அது கிரீன்விச் கணக்கில் ஓடும் உலகப் பொது நேரம். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை 9 மணி என்று எழுதினால் நம் வீட்டில் மதியம் 2.30. பரவாயில்லை, தாமதம்தானே என்கிறீர்களா? அதிகாலை 5 மணிக்கு ஓட வைத்து, "இன்று என்ன தேதி?" என்று அந்த சர்வரைக் கேட்டால் நேற்றைய தேதியைச் சொல்லும். அங்கே இன்னும் முந்தின நாள் இரவு 11.30. மாதம் ஒன்றாம் தேதி செய்ய வேண்டிய வேலை, இன்னும் ஒன்றாம் தேதி ஆகவில்லை என்று திரும்பிப் போய்விடும்.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த சங்கடம் என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் மதராஸ் நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம். ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின, ஊர்கள் தங்கள் நேரத்தில் எழுந்தன. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரம் என்று ஒரே கணக்கு வந்தது. அப்படியும் கல்கத்தாவும் பம்பாயும் சுதந்திரத்துக்குப் பிறகு வரை தங்கள் நேரத்தை விடவில்லை. இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை ஆக்கினார்கள். அதே அக்டோபரில் ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கே வந்தார்கள். நடுவில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில் இரண்டு ஒன்பது மணி. ஆகவே "ஒன்பது மணிக்கு ஓடு" என்பது பாதி வாக்கியம்தான். எந்த ஊர்க் கடிகாரம் என்பதையும் ஸ்கிரிப்டில் எழுத வேண்டும்.

பெரிய கம்பெனிகளும் இதில் வழுக்கியிருக்கின்றன. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் சேவை முடங்கியது. ஓராண்டுச் சான்றிதழ் தயாரிக்கும் நிரல் ஆண்டோடு ஒன்றைக் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்று ஒரு நாளே கிடையாது. ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் விஷயம். அதனால்தான் நம் தம்பியைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஸ்கிரிப்ட் எழுதும் மற்ற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கையால் ஓட்டினால் ஓடுகிறது, நேரம் குறித்து வைத்தால் ஓடவில்லை என்று புலம்பாதீர்கள். முதலில் அது அழைக்கப்பட்டதா என்று பதிவைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் பிள்ளை வந்தது என்று மட்டும்தான் அர்த்தம், பாடம் படித்தது என்று அல்ல. அழைக்கப்பட்டும் வேலை நடக்கவில்லை என்றால், கிரான் உங்கள் பெயரிலேயே ஓடினாலும் உங்கள் பழக்கவழக்கம் எதுவும் அதற்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியரிடம் "சாக்பீஸ் எடுத்து வாங்க" என்றால் எந்த அலமாரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோப்பின் முழு முகவரியையும் எழுதுங்கள். கிரான் வரியில் விழுக்காட்டுக் குறி வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும் என்பது பலரை மண்டை காய வைத்த சங்கதி. நிமிட இடத்தில் 0 போடாமல் நட்சத்திரம் போட்டால் ஒன்பது மணிக்குள் அறுபது முறை ஓடும். நாளும் கிழமையும் இரண்டையும் குறித்தால், இரண்டும் பொருந்தும்போது அல்ல, ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓடும். விண்டோஸ் லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: மாற்றாமல் விட்டால் பேட்டரியில் இருக்கும்போது அந்த வேலை தொடங்காது, தவறிய வேலையைப் பிறகு தானாகப் பிடித்துச் செய்யவும் செய்யாது. கரண்ட் போகிற ஊரில் இருக்கிறோம்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. தம்பி சரிசெய்தும் விட்டார். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றியாயிற்று. என் கவலை வேறு.

முன்பு நம் குழுவில் ஒருவர் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்வார். ஸ்கிரிப்ட் வந்ததும் "அதுதான் மெசேஜ் போகுதே" என்று அவரை நிறுத்திவிட்டோம். அவர் சேதி மட்டும் சொல்லவில்லை. எந்த வீட்டில் போன் மாறியிருக்கிறது, எந்தப் பிள்ளை இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் நாம் வைத்தது, தோற்றால் வாய் திறக்காத ஒன்றை. செய்தி போகாத நாளும், அனுப்ப எதுவுமே இல்லாத நாளும் நம் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. ஊரில் தண்ணீர் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் ஒருநாள் வராவிட்டால் காலை ஏழு மணிக்குள் நாலு பேர் குடத்தோடு வந்து கேட்பார்கள். இந்த ஸ்கிரிப்டுக்குக் குடத்தோடு வந்து நிற்க ஆளில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். அனுப்ப எதுவும் இல்லாத நாளிலும் அது காலையில் ஒரு வரி அனுப்ப வேண்டும்: "இன்று நினைவூட்டல் எதுவும் இல்லை, அடுத்தது இன்ன தேதி." அடுத்த தேதி அதில் இருந்தால், மாதம் இடம் மாறியிருப்பது படிக்கிறவர் கண்ணில் பட்டுவிடும். தினம் வரும் செய்தியை யாரும் படிக்க மாட்டார்கள் என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். நியாயமான பேச்சு. எல்லோருக்கும் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்தான். மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அவருக்கு மட்டும் வரட்டும். காலை எட்டு மணிக்குள் வரவில்லை என்றால் அவர் பெங்களூருக்குப் போன் போட வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின மூன்று நாள், செய்தி போனாலும் போகாவிட்டாலும், பதில் வராத வீடுகளுக்கு ஒரு ஆள் நேரில் போக வேண்டும். செலவு பெட்ரோல் காசுதான்.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. தொகை அதைவிட மிகக் குறைவுதான், ஆனாலும் எழுதட்டும். இருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தயார்ப்படுத்தக் கணக்குப் பாடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், அறிவியலுக்கு ஆள் வேண்டும்.

முதல் மாத முறை யாருக்கு? பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் இருப்பவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு, நம் ஊர் நேரப்படி, அழைக்கிறேன்.