மருந்து விலையும் ஒரு நீதிபதியின் அறிக்கையும்

நோயில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து வாங்கப் போகிறான் ஆலைத் தொழிலாளி. கடைக்காரர் சொல்லும் விலை அவன் அரைமாதக் கூலியை விழுங்குகிறது. மருந்தைச் செய்யும் செலவா அவ்வளவு? அல்ல. பல சமயங்களில் அந்த விலைக்குக் காரணம் ஒரு காகிதம். அதன் பெயர் பேடண்ட். 'இந்தப் பொருளை நான் மட்டுமே செய்வேன், வேறு எவரும் செய்யக்கூடாது' என்று குறிப்பிட்ட காலத்துக்குத் தடுக்கும் உரிமையே அது.

வெள்ளையர் 1911-ல் செய்த பேடண்ட் சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது. அதைத் திருத்த யோசனை கூறும் பொறுப்பை 1957-ல் சர்க்கார் என். ராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைத்தது. சென்னை ஹைகோர்ட் நீதிபதியாக இருந்து 1960-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றவர் அவர். செங்கொடி பிடித்தவர் அல்லர், சட்டம் கற்றவர். ஆனால் கணக்கைப் பார்த்தார்; கண்டதை மறைக்காமல் எழுதினார்.

1959 செப்டம்பரில் அவர் தந்த அறிக்கை கூறியது என்ன? இந்தியாவில் வழங்கப்பட்ட பேடண்டுகளில் 80 முதல் 90 சதம் அந்நியருடையவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை. ஆலை வைக்க அல்ல, பிறர் வைக்காமல் தடுக்கவே அவை பயன்பட்டன! ஆகவே உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக்கு மட்டுமே பேடண்ட் தரவேண்டும், பொருளுக்குத் தரக்கூடாது என்றார் அவர். ஜெர்மனி 1877-லேயே இவ்விதம் செய்துதான் தன் ரசாயனத் தொழிலை வளர்த்தது.

1970-ல்தான் பார்லிமெண்ட் இதைச் சட்டமாக்கியது. 1972-ல் அமுலுக்கு வந்தது. பலன்? 2001-ல் எய்ட்ஸ் நோயாளிக்கு ஓராண்டு மருந்து அந்நியக் கம்பெனிகளிடம் 10,000 டாலருக்கு மேல். பம்பாய் சிப்ளா கம்பெனி 350 டாலருக்குத் தர முன்வந்தது. உள்நாட்டு முதலாளியும் லாபத்துக்கே தொழில் செய்கிறான் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஏகபோகம் உடைந்தால் விலை இறங்கும் என்பது கண்கூடு.

உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005-ல் மருந்துப் பொருளுக்கே மீண்டும் பேடண்ட் வந்தது. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிதென்று காட்டுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு மட்டும் அரணாக நிற்கிறது. ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு நோவார்டிஸ் கம்பெனி கேட்ட பேடண்டை சென்னை பேடண்ட் ஆபீஸ் 2006-ல் மறுத்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் மறுத்தது, இந்தப் பிரிவைக் கொண்டே.

இந்த அரணைத் தகர்க்க எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் சர்க்கார் கையெழுத்திடக் கூடாது. இது வக்கீல்கள் மட்டும் பேசும் விஷயமல்ல. ஆலை வாயிலிலும் வயல் வரப்பிலும் பேசவேண்டிய விஷயம். நம் குழந்தைகளின் உயிர்ப் பிரச்னை!